முந்நூறு மீட்டர் அலையில் ஒரு சங்கம்

இளைஞர் மன்றங்களின் ஆண்டுக் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. பேச்சுப் போட்டி நடத்தியாயிற்று, காற்பந்துப் போட்டியும் நடத்தியாயிற்று, இனிப் புதிதாக என்ன செய்யலாம் என்பதே அக்கேள்வி. கணினி வகுப்பு என்பார் ஒருவர்; நடனம் என்பார் இன்னொருவர். அமெச்சூர் வானொலி என்று யாரேனும் சொன்னால், அது பெரும் பொருட்செலவு பிடிக்கும் வேலை, பொறியாளர்களுக்கு உரியது, நமக்கு எட்டாதது என்று பேச்சு அங்கேயே நின்றுவிடும். நேயர்களே, இந்த நாட்டில் வானொலி என்ற ஒன்று தோன்றியதே ஒரு மன்றத்தின் வேலையாகத்தான். அந்த மன்றம் தோன்றிய இடம் ஜொகூர். அந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்த்தால், இன்று இப்பணியைத் தொடங்க விரும்பும் ஓர் இளைஞர் குழுவுக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதும் கூடவே தெளிவாகும்.

1921ஆம் ஆண்டு ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியாளராகப் பணியாற்றிய ஏ. எல். பர்ச் என்பவர் ஒரு வானொலிப் பெட்டியைத் தருவித்தார். மலாயாவுக்குள் வந்த முதல் வானொலிப் பெட்டி அதுவே என்று நம் நாட்டு ஒலிபரப்பு வரலாறு பதிவு செய்திருக்கிறது. பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு தாம் மட்டும் கேட்டு மகிழ்ந்திருந்தால், அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. அவர் ஒரு சங்கத்தை அமைத்தார். ஜொகூர் வயர்லெஸ் சங்கம் என்ற அந்த அமைப்பு, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பையும் தொடங்கியது.

அந்த ஜொகூரை இன்றைய ஜொகூராக எண்ணிவிடக் கூடாது. சிங்கப்பூருக்குச் செல்லும் தரைப்பாலம் அப்போது இல்லை, கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. சரக்கு ரயில்கள் அதன்மீது ஓடத் தொடங்கியது 1923இல்; முறையான திறப்பு விழா நடந்தது 1924ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். அதுவரை நீரிணையைப் படகில்தான் கடக்க வேண்டும். லண்டனில் பிபிசி தன் ஒலிபரப்பைத் தொடங்கியதே 1922 நவம்பரில். அப்படியானால் 1921இல் ஒரு வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஜொகூரில் ஒருவர் எதைக் கேட்டிருக்க முடியும்? பாட்டையும் பேச்சையும் பரப்பும் நிலையம் எதுவும் இந்தப் பக்கத்தில் அன்று இல்லை. வானில் நிறைந்திருந்தவை கப்பல்களும் கரையோர நிலையங்களும் மோர்ஸ் ஒலிக்குறியில் அனுப்பிய செய்திகளே. கேட்பதற்கு நிகழ்ச்சி வேண்டுமென்றால் அதை அவர்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒலிபரப்பு என்பது அமெச்சூர்களின் இந்த இல்லாமையிலிருந்து பிறந்தது.

300 மீட்டர் என்பது என்ன? இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பின்னால் வருபவை எல்லாம் எளிதாகிவிடும். வானொலி அலை ஒளியின் வேகத்தில் செல்கிறது. வினாடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர். ஓர் அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தொலைவு 300 மீட்டர் என்றால், வினாடிக்கு 10 இலட்சம் அலைகள் நம்மைக் கடந்து போகின்றன என்று பொருள். அதையே இன்று 1,000 கிலோஹெர்ட்ஸ் என்கிறோம். பழைய வானொலிப் பெட்டிகளின் மத்திய அலைத் தட்டில் ஏறக்குறைய நடுவில் இருக்கும் இடம் அது. அலை நீளம் குறையக் குறைய அதிர்வெண் கூடும். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே நம் இளைஞர்கள் பின்னால் தங்கள் வான்கம்பியை அளந்து வெட்டப் போகிறார்கள்.

சரி, சங்கம் எதற்கு? தனி ஒருவர் இதைச் செய்திருக்க முடியாதா? முடியாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. உறுப்புகள் கப்பலில் வர வேண்டும், விலை அதிகம். ஒருவரிடம் வால்வு இருக்கும், இன்னொருவரிடம் பாட்டரி இருக்கும், மூன்றாமவருக்குச் சுருள் சுற்றும் கைப்பழக்கம் இருக்கும். அடுத்தது அனுமதி. வானில் ஒலியை அனுப்ப அரசாங்கத்தின் இசைவு வேண்டும். அதைக் கேட்டுப் பெற ஒரு சங்கத்துக்கு இருக்கும் மதிப்பு தனி ஆளுக்கு இல்லை. மூன்றாவது காரணத்தைத்தான் நாம் முக்கியமாகக் கருதுகிறோம். ஒலியை அனுப்புகிறவருக்குக் கேட்கிறவர் ஒருவர் வேண்டும். இரண்டு மைல் தள்ளி ஒருவர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, கேட்டது, கேட்கவில்லை, இடையில் அறுந்தது என்று சொன்னால்தான் அனுப்பியவருக்குத் தம் கருவியைப் பற்றித் தெரியும். ஜொகூர் சங்கத்தைப் பற்றிய எழுத்துகளில் பர்ச்சின் பெயர் நிலைத்திருக்கிறது. அவருக்குக் காதாக இருந்த உறுப்பினர்களும், கம்பத்தில் ஏறிக் கம்பி கட்டிய தொழிலாளர்களும் வரலாற்றில் இடம் பெறவில்லை. நம் நாட்டு வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. வானொலி மட்டும் அதற்கு விலக்கா என்ன!

ஜொகூரின் முன்மாதிரி மற்ற ஊர்களிலும் பரவியது. கோலாலம்பூரில் எழுந்த வயர்லெஸ் சங்கம் பெட்டாலிங் குன்றிலிருந்து 325 மீட்டர் அலையில் ஒலிபரப்பியது. சிங்கப்பூரிலும் 1920களின் நடுவில் அமெச்சூர் சங்கம் ஒன்று செயல்பட்டது. தமிழர்களாகிய நாம் சிறப்பாக நினைவில் வைக்க வேண்டியது பினாங்கு. அங்கிருந்த வயர்லெஸ் சங்கம் 1934இல் 49.3 மீட்டர் சிற்றலையில் நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம்பெற்றது. அரசாங்கம் முழுப் பொறுப்பேற்று ஒலிபரப்பு நடத்துவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சந்தா செலுத்திய உறுப்பினர்களின் சங்கம் ஒன்றின் வழியாகத் தமிழ் ஒலி மலாயாவின் வானில் எழுந்தது என்பது சிறிய செய்தி அன்று.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் என்ன நடந்தது? அங்கும் கதை அச்சு அசலாக இதுவே. கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தாவும் முகுல் போஸும் 1921இல் அமெச்சூர் நிலையங்களை இயக்கினர். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைந்தது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் கழகத்தின் ஒலிபரப்பு தொடங்கியது. கருவியின் ஆற்றல் 40 வாட். இன்று வீட்டு முகப்பில் எரியும் பழைய வகைக் குமிழ் விளக்கு ஒன்றின் அளவு! அந்த 40 வாட்டை வைத்துக்கொண்டு இசையும் உரைகளும் சென்னை மக்களுக்கு எட்டின.

ஆனால் கழகம் நீடிக்கவில்லை. 1927 அக்டோபரில் பணமுடையால் ஒலிபரப்பு நின்றுபோனது. கருவி என்னவாயிற்று என்பதுதான் இதில் சுவையானது. கழகத்தார் அதைப் பழைய சாமான் கடைக்கு அனுப்பவில்லை. சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டனர். மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் திறந்தபோதுதான் அந்தச் சேவை முடிவுக்கு வந்தது. ஒரு கழகம் மூடப்பட்ட பின்னும் அதன் வேலை எட்டாண்டுக்கு மேல் நடந்தது என்று இதைச் சொல்லலாம்.

இலங்கையின் தொடக்கம் இன்னும் விந்தையானது. கொழும்புத் தந்தி அலுவலகத்தின் தலைமைப் பொறியாளராக வந்த எட்வர்டு ஹார்ப்பர், 1923இல் அலுவலகத்தின் ஒரு சிறு அறையிலிருந்து கிராமபோன் இசையைச் சோதனையாக ஒலிபரப்பினார். பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்த வானொலிக் கருவியின் உறுப்புகளைக் கொண்டு தந்தித் துறையினர் அந்த அனுப்பும் கருவியைச் செய்திருந்தனர். ஹார்ப்பரும் தம் பங்குக்கு ஆர்வலர்களைச் சேர்த்து இலங்கை வயர்லெஸ் கழகத்தை அமைத்தார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பிற்காலத்தில் தமிழ்நாடே காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட இலங்கை வானொலியின் வேர் அந்தச் சிறு அறையில் இருக்கிறது. போருக்காகச் செய்த கருவி பாட்டுப் பாடியது என்று நினைக்கும்போது நமக்கு ஒரு மகிழ்ச்சி ஏற்படத்தான் செய்கிறது.

ஜொகூர், சென்னை, கொழும்பு என்ற மூன்று ஊர்களிலும், முதலில் பெரிய நிறுவனம் இல்லை. விருப்பத்தால் கூடிய ஒரு குழு இருந்தது. அமெச்சூர் என்ற சொல்லை அரைகுறை என்ற பொருளில் நாம் வழங்குகிறோம். அதன் வேர்ச்சொல் அன்பு செய்தல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல். ஊதியத்துக்காக அன்றி விருப்பத்துக்காகச் செய்பவர் என்பதே அதன் பொருள்.

மலாயாவில் ஒலிபரப்பு நாளடைவில் அமெச்சூர்களின் கையை விட்டுப் போயிற்று. பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் 1937இல் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. 1940இல் அரசாங்கம் அதனை ஏற்றது. போருக்குப் பின் 1946 ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா பிறந்தது. அதன் பிறகான வரலாறு நேயர்கள் பலரும் அறிந்ததே.

ஒலிபரப்பை இழந்த அமெச்சூர்கள் எங்கே போனார்கள்? இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கி அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1912இல் அமெரிக்கா ஒரு வானொலிச் சட்டம் இயற்றியது. அமெச்சூர்கள் 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைகளுமே பயன்படுத்தலாம் என்று அச்சட்டம் வரையறுத்தது. அந்தக் குறு அலைகள் எதற்கும் உதவாதவை, தொலைவுக்குப் போகாதவை என்று அன்றைய வல்லுநர்கள் நினைத்தார்கள். உதவாத நிலத்தை ஏழைக்கு எழுதிக் கொடுத்தது போன்ற ஏற்பாடு அது. அந்த நிலத்தில்தான் தங்கம் இருந்தது. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்க அமெச்சூர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் அடித்து, மழையிலும் குளிரிலும் உட்கார்ந்து, அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து வந்த அமெச்சூர் ஒலிக்குறிகளைக் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்சின் லியோன் தெலோய் அமெரிக்க அமெச்சூர்களோடு நூறு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அலையில் இருவழித் தொடர்பு கொண்டார். குறுகிய அலைகள் வானத்தின் உயரத்திலுள்ள மின்னூட்டம் பெற்ற அடுக்கில் பட்டுத் திரும்பி, நெடுந்தொலைவில் தரை இறங்குகின்றன என்பது நடைமுறையில் மெய்ப்பிக்கப்பட்டது.

இளைஞர் மன்றத்தார் அவசியம் அறிய வேண்டிய நிகழ்ச்சி அடுத்தது. 1924 அக்டோபர் 18ஆம் நாள், லண்டனை அடுத்த மில் ஹில் பள்ளியின் வானொலி நிலையத்திலிருந்து சிசில் காய்டர் என்ற 18 வயது இளைஞர் ஒலிக்குறி அனுப்பினார். நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கில் ஓர் ஆட்டுப் பண்ணையிலிருந்து ஃபிராங்க் பெல் என்பவர் அவரோடு இருவழித் தொடர்பு கொண்டார். பூமி உருண்டையில் ஏறக்குறைய நேர் எதிர்ப்புறங்களில் இருந்த இருவர்! அதுவரை எந்த அரசாங்கமும் எந்தப் பெரிய கம்பெனியும் அத்தகைய சிறு ஆற்றலில் செய்து காட்டாத வேலையைப் பள்ளிக்கூடத்துக் கருவி ஒன்று செய்தது. பெல்லின் அக்கா பிரெண்டா பின்னர் அந்த நிலையத்தை ஏற்று நடத்தி, நியூசிலாந்தின் முதல் பெண் அமெச்சூராகப் பெயர் பெற்றார் என்பதையும் சொல்லிவிடுவோம். இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமான கலை என்று எண்ணும் மன்றங்கள் இன்னும் இருக்கின்றன.

காய்டரின் கதை அதோடு முடிந்துவிடவில்லை. அவர் 1936இல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்றார். டில்லி, பம்பாய், சென்னை, கல்கத்தா நிலையங்களின் சிற்றலை ஒலிபரப்பு அவருடைய காலத்தில் அமைந்தது. பள்ளி நிலையத்தில் உட்கார்ந்து சிற்றலை எங்கே போகும், எந்த நேரத்தில் போகும் என்று கற்றவர், அந்த அறிவைக் கொண்டு ஒரு துணைக்கண்டத்தையே இணைத்தார். பள்ளிப் பருவத்து விளையாட்டு என்று யாரேனும் இதைக் குறைத்துப் பேசினால், இந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

1939இல் உலகப் போர் மூண்டதும் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் அமெச்சூர் நிலையங்கள் மூடப்பட்டன. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே உயிருக்கு ஆபத்தான குற்றமாயிற்று. பேராக்கிலுள்ள பப்பான் என்ற சிற்றூரில், தமிழரான தம் கணவர் டாக்டர் கார்த்திகேசுவோடு மருத்துவப் பணி புரிந்த சிபில் கார்த்திகேசு, வீட்டில் வானொலிப் பெட்டியை மறைத்து வைத்துப் போர்ச் செய்தி கேட்டார். 1943இல் பிடிபட்டுக் கொடுமையான சித்திரவதைக்கு ஆளானார்; அதன் விளைவுகளிலிருந்து மீளாமலே 1948இல் மறைந்தார். வானொலி என்பது ஓர் அரசாங்கத்தை அஞ்சவைக்கும் பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அமெச்சூர் நிலையத்துக்கு உரிமமும் தேர்வும் ஏன் என்று இளைஞர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. யார் பேசுகிறார், எங்கிருந்து பேசுகிறார் என்பது அனைவருக்கும் தெரிய வேண்டும் என்ற ஏற்பாடே அது. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் தனி அழைப்புக் குறி உண்டு. விடுதலைக்கு முன் மலாயா அமெச்சூர்களின் குறிகள் வி.எஸ்.2 என்று தொடங்கின. விடுதலைக்குப் பின் அது 9எம்2 ஆயிற்று. பின்னர் 9டபிள்யூ2 என்ற வரிசையும் சேர்ந்தது. ஜொகூர் உட்படத் தீபகற்பம் முழுவதற்கும் இவையே. தொடர்பு கொண்டவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் அஞ்சல் அட்டைகளில் இந்தக் குறியைப் பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள். அட்டைகளைச் சுவரில் ஒட்டி அழகு பார்ப்பது ஒரு தனிப் பழக்கம்.

இளைஞர்களையும் அமெச்சூர் வானொலியையும் உலக அளவில் இணைத்தது சாரணர் இயக்கம். 1957இல் இங்கிலாந்தின் சட்டன் பூங்காவில் நடந்த சாரணர் பெருமுகாமில் லெஸ் மிச்செல் என்ற அமெச்சூர் ஒரு நிலையத்தை நடத்தினார். முகாம் கலைந்த பின்னும் சாரணர்கள் வானில் கூடலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1958 மே மாதத்தில் முதலாவது வானலை முகாம் நடந்தது. இப்போது ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் மூன்றாம் வார இறுதியில் நடைபெறுகிறது. உரிமம் பெற்ற ஒருவர் அருகிலிருந்து நிலையத்தை நடத்த, உரிமம் இல்லாத சிறுவர்களும் வேறு நாட்டுச் சிறுவர்களோடு பேசிப் பழக இது வாய்ப்பளிக்கிறது. ஒரு மன்றம் இத்துறையில் அடியெடுத்து வைக்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

இனி, ஜொகூரில் ஒரு குழு இன்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். மூவாரிலோ குளுவாங்கிலோ, பத்துப் பதினைந்து பிள்ளைகள். வாரம் ஒருமுறை கூட ஒரு மண்டபம் இருக்கிறது. பெரும்பாலான குழுக்கள் முதலில் செய்வது நன்கொடை திரட்டி, விலை உயர்ந்த அனுப்பும் கருவி ஒன்றை வாங்குவது. நம் கருத்தில் அதுவே கடைசியில் செய்ய வேண்டியது. உரிமம் பெற்றவர் ஒருவரும் இல்லாத மன்றத்தில் அந்தக் கருவி கண்ணாடி அலமாரியில் பரிசுக் கோப்பையோடு சேர்ந்து தூசி படிந்து கிடக்கும். பர்ச்சின் சங்கத்துக்கு முதலில் கிடைத்தது கருவி மட்டுமல்ல, அதை இயக்கத் தெரிந்த ஓர் ஆளும்கூட. ஆகவே முதலில் தேட வேண்டியது அந்த ஆளை. வட்டாரத்தில் உரிமம் பெற்ற அமெச்சூர் யார் என்று மலேசிய அமெச்சூர் வானொலி அனுப்புநர் சங்கத்தின் வழியாகக் கேட்டறியலாம். அமெச்சூர்கள் பொதுவாகச் சொல்லிக் கொடுப்பதில் தாராளமானவர்கள். அவர்களைப் பேச்சை நிறுத்தச் செய்வதுதான் சில வேளைகளில் கடினம்!

அடுத்தது கேட்டல். படிகப் பெட்டி ஒன்றைச் செய்து பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். அட்டைக் குழாய் ஒன்றில் எனாமல் பூசிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிய சுருள், கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகம் அல்லது அதற்கு ஈடாக ஒரு ஜெர்மானியம் டையோடு, காதுக்கருவி, நீண்ட வான்கம்பி, தரைக் கம்பி. மின்கலம் வேண்டாம். வானிலிருந்து வரும் அலையின் ஆற்றலே காதுக்கருவியை அதிரச் செய்கிறது. பர்ச்சின் காலத்து இளைஞர்கள் படிகத்தின் மீது மெல்லிய கம்பி முனையை வைத்து, ஒலி எழும் புள்ளியைத் தேடித் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அந்தக் கம்பிக்குப் பூனை மீசை என்று பெயர். ஒலிபரப்பு இந்நாளில் பெரும்பாலும் பண்பலைக்கு மாறிவிட்டதால் படிகப் பெட்டியில் முன்போல் நிறைய நிலையங்கள் கேட்பதில்லை. ஆயினும் தன் கையால் சுற்றிய சுருளில் ஒரு குரல் எழும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கவாவது அதைச் செய்ய வேண்டும். அதன் பிறகு அமெச்சூர் அலைகளைக் கேட்கக்கூடிய சிற்றலைப் பெட்டி ஒன்று, புதிதோ பழையதோ, மன்றத்துக்கு வாங்கலாம். மாலை மங்கியதும் 40 மீட்டர் அலைவரிசையைத் திருப்பினால் இந்தோனேசிய அமெச்சூர்களின் பேச்சு காதில் விழும். 1968இல் அமைந்த அவர்களுடைய தேசியச் சங்கம் மிகப் பெரியது. அவர்கள் பேசுவதை நம் பிள்ளைகள் பள்ளியில் கற்ற மலாய் மொழியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். இது ஐரோப்பிய இளைஞனுக்கு இல்லாத வசதி.

வான்கம்பிக்கும் பெரிய செலவில்லை. 300 மீட்டர் கணக்கு நினைவிருக்கிறதா? 40 மீட்டர் அலைக்குப் பாதி நீளக் கம்பி, அதாவது சுமார் 20 மீட்டர். அதை நடுவில் வெட்டி, இரு பக்கமும் ஏறக்குறைய பத்துப் பத்து மீட்டராக்கி, நடுவிலிருந்து கேபிள் இறக்கினால் அதுவே இருமுனை வான்கம்பி. இரண்டு தென்னை மரங்களுக்கிடையே கட்டலாம். தோட்டப்புறத்து மண்டபமானால் மரத்துக்கா பஞ்சம்! இதில் இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்கம்பிகளுக்கு அருகிலோ மேலோ வான்கம்பியைக் கட்டவே கூடாது. கம்பி அறுந்து அதன்மீது விழுந்தால் உயிர் போகும். மற்றது மின்னல். உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. பிற்பகலில் மேகம் கறுத்தால் வான்கம்பியைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டு, கட்டடத்துக்கு வெளியே தரைக் கம்பியோடு இணைத்துவிட வேண்டும். மழை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது ஆபத்து.

கேட்கப் பழகிய சில மாதங்களில், குழுவில் இரண்டு மூன்று பேராவது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் ஏற்கும் அமெச்சூர் வானொலித் தேர்வுக்குப் படிக்கலாம். மின்னோட்டம், அலை, வான்கம்பி, பாதுகாப்பு, வானில் பேசும் ஒழுங்கு ஆகியவையே பாடம். ஓம் விதியை வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த மாணவன், மன்றத்தில் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டால் மறப்பதில்லை. ஒருவர் மட்டும் தேறினால் போதாது. அந்த ஒருவர் மேற்படிப்புக்குச் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போய்விட்டால் நிலையம் ஊமையாகிவிடும். சென்னைக் கழகத்தை வீழ்த்தியது பணம் என்றால், நம் மன்றங்களை வீழ்த்துவது பெரும்பாலும் இந்த ஆள் மாற்றம்தான்.

இவ்வளவு பாடுபட்டுப் படித்து, கையில் தொலைபேசி இருக்கும்போது வானொலியில் பேசுவானேன் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர் ஒரு சிறு குழுவோடு அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேர் நகருக்குச் சென்றிருந்தார். அங்கிருந்து அமெச்சூர் நிலையம் நடத்தப் பல ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அனுமதி அது. உலக அமெச்சூர்களோடு தொடர்பு கொண்டு மகிழ்வதே பயணத்தின் நோக்கம். பொழுதுபோக்கு என்றே சொல்லலாம். டிசம்பர் 26ஆம் நாள் காலையில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்ட நேரத்தில் அவர்களுடைய நிலையம் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் பாலமாயிற்று. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்தவர்களுக்கு விடை அந்த வழியாகச் சென்றது. வெள்ளத்தை நாமும் அறிவோம். 2006 டிசம்பரிலும் அடுத்து வந்த ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட் பகுதிகள் மூழ்கியபோது ஜொகூரில் இலட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. மின்சாரம் போன வட்டாரத்தில் தொலைபேசிக் கோபுரமும் நீண்ட நேரம் தாங்குவதில்லை. ஒரு கார் பாட்டரியும் மரத்தில் கட்டிய கம்பியும் போதுமான கருவி அப்போது என்ன வேலை செய்யும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

2007 அக்டோபரில் நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோர் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்தபோது, மலேசிய மாணவர்களோடு உரையாட அவருக்கு உதவியதும் அமெச்சூர் வானொலியே. அந்த நிலையத்திலுள்ள அமெச்சூர் கருவியின் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் இறங்குகிறது. இரண்டு மீட்டர் அலை. நிலையம் ஜொகூருக்கு மேலாகக் கடந்து போக அதிகம் போனால் பத்து நிமிடம். எப்போது வரும் என்ற கால அட்டவணையை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். அமெச்சூர் ஒருவரின் கைக்கருவியும், அளவு நாடாவின் எஃகுப் பட்டைகளை வெட்டி மரச்சட்டத்தில் பொருத்திய கையடக்க வான்கம்பியும் இருந்தால், மண்டபத்துத் திடலில் நின்றபடியே, அடிவானத்திலிருந்து அது எழும் திசையை நோக்கிப் பிடித்து, தலைக்கு மேலாகத் தொடர்ந்து திருப்பிக்கொண்டே போகலாம். அந்த நேரத்தில் விண்வெளி வீரர் யாரேனும் ஏதாவதொரு பள்ளியோடு பேசிக்கொண்டிருந்தால், அவருடைய குரல் நம் பிள்ளைகளின் காதிலும் விழும்.